ஃப்ரேம் லாக் மடக்குக் கத்தி: இதில் அப்படி என்ன இருக்கிறது?

சென்சூரியன் புதுசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. சென்சூரியனில் சாஃப்ட்வேர் வேலை. கத்தி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அரிவாள்மனையில் காய் அரிந்த வீட்டில் வளர்ந்தவன்.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஒருவர் பில்டாங் வாங்கிவந்தார். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: வினிகர், உப்பு, கொத்தமல்லி விதை எல்லாம் தடவிக் காயவைத்த இறைச்சி. நம் உப்புக்கண்டம் மாதிரி.) எங்கள் மேனேஜர் அறுபதை நெருங்குபவர், ஆஃப்ரிக்கான்ஸ் மொழிக்காரர். பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார், கட்டைவிரலால் தள்ளித் திறந்தார், காகிதம் மாதிரி சீவிச் சீவி எல்லோருக்கும் கொடுத்தார். நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மரப்பிடி இல்லை, செதுக்கு வேலை இல்லை. இரண்டு சாம்பல் தகடு, நடுவில் ஒரு பிளேடு. ஆனால் திறந்து மூடியபோது ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. எண்ணெயில் வழுக்குகிற மாதிரி, ஆனால் எங்கும் லொடலொடப்பு இல்லாமல். பெயர் செபென்ஸா என்றார். வீட்டுக்கு வந்து விலை பார்த்தேன், 400 டாலருக்கு மேல் போகிறது. என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி: "பழம் நறுக்குகிற சாமானுக்கா இவ்வளவு?"

அந்தத் தகட்டில் ஒரு நீள வெட்டு இருக்கிறதே, அதைத்தான் ஃப்ரேம் லாக் என்கிறார்கள் என்று படித்தேன். அதில் என்ன விசேஷம்? இதை டாக்டிக்கல் ஃபோல்டர் வகையில் சேர்க்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இங்கே கத்தி சேர்ப்பவர்கள் சிலர் இருப்பது தெரியும். விளக்குங்களேன்.

டோங்காட் மாமா எழுதியது:

தம்பி, வாங்க. நான் இங்கேயே பிறந்தவன், நாலாவது தலைமுறை. என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ்.

எங்கள் அப்பா கரும்பாலையில் வேலை செய்தார். அவர் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஒக்காபி மடக்குக் கத்தி இருக்கும். வளைந்த மரப்பிடி, அதில் பித்தளை நிறத்தில் பிறையும் நட்சத்திரமும் பதித்திருக்கும். முதுகில் ஒரு சின்ன வளையம். திறக்கும்போது கர்ரக் கர்ரக் என்று பல் பல்லாகச் சத்தம் வரும், வளையத்தை இழுத்தால்தான் மூடும். 1902-இல் ஜெர்மனிக்காரன் ஆப்பிரிக்காவில் விற்பதற்காகச் செய்ய ஆரம்பித்தது. 1988-இல் உரிமையை இங்கே வாங்கிவிட்டார்கள், நம் குவாசூலு நட்டால் இசிதேபேயில் செய்கிறார்கள். சாதாரண கார்பன் ஸ்டீல், துடைக்காமல் வைத்தால் துருப் பிடிக்கும், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் முடியை வெட்டும்.

அந்தச் சத்தத்துக்கு ஊரில் ஒரு கெட்ட பேரும் உண்டு. சண்டைக்காரர்கள் அதைக் காட்டி மிரட்டிய காலம் இருந்தது. அம்மா வீட்டுக்குள் அதைத் திறக்க விடமாட்டார். அப்பா அதை மாம்பழத்துக்கும் கயிற்றுக்கும் தவிர எதற்கும் எடுத்ததில்லை.

எனக்கு ஒக்காபி போதும். ஆனால் நீங்கள் கேட்டதற்குச் சரியான ஆள் பைன்டவுனில் இருக்கிறார். லேத்துக்காரன் தம்பி, வாங்க, உங்கள் சப்ஜெக்ட்.

லேத்துக்காரன் எழுதியது:

மாமா கூப்பிட்டபின் வராமல் இருக்க முடியுமா. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

நான் கோயமுத்தூர், கணபதிப் பக்கம். பதினேழு வயதில் லேத்துப் பட்டறையில் சேர்ந்தேன். இங்கே வந்து பதினான்கு வருஷம், டூல் ரூமில் டை, அதாவது தகடு அடிக்கும் அச்சு, செய்கிற வேலை. செபென்ஸாவை வடிவமைத்த கிறிஸ் ரீவும் தென்னாப்பிரிக்காவில் டூல் அண்ட் டை மேக்கராக இருந்தவர்தான். அதனால் அந்தக் கத்தியைக் கையில் எடுத்தால் எனக்கு என் தொழில் தெரிகிறது. வேறு யாருக்கும் இது வெறும் சாம்பல் தகடாகத் தெரிந்தால் அதில் தப்பே இல்லை.

முதலில் லாக் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் பாட்டன் தோப்பில் ஒரு பேனாக்கத்தியால் தென்னமட்டையைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தேன். லாக் இல்லாத கத்தி, முதுகில் ஒரு ஸ்பிரிங் மட்டும். முனை மட்டையில் மாட்டிக்கொண்டது. நான் தள்ளினேன். பிளேடு மடங்கி என் ஆள்காட்டி விரல் மேல் மூடிக்கொண்டது. எலும்பு வரை. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த இடம் மரத்துப்போகும். மடக்குக் கத்தியில் எனக்கு இருக்கிற அக்கறை முழுவதும் அந்த நொடியிலிருந்து வந்தது: திறந்த கத்தி திறந்தே நிற்க வேண்டும்.

அதற்கு வழிகள் பல. மாமாவின் ஒக்காபி ஒரு வழி. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் லைனர் லாக்கைச் செம்மைப்படுத்தினார். கைப்பிடிக்கு உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதில் நாக்கு மாதிரி ஒரு பகுதி. பிளேடு திறந்ததும் அந்த நாக்கு உள்பக்கம் சாய்ந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கும். ஒரே கையால் திறக்கலாம், அதே கையால் மூடலாம். அந்த வருஷங்களில்தான் டாக்டிக்கல் ஃபோல்டர் என்ற வகையே வளர்ந்தது. ஒரு கையில் கயிறோ ஏணியோ பிடித்திருக்கும் ஆள் மறு கையால் எடுத்து, திறந்து, வேலை முடித்து, மூடி, பாக்கெட்டில் மாட்டிவிட வேண்டும். அதற்குத் தேவையானது நல்ல லாக், கட்டைவிரலுக்கு ஒரு பிடிமானம், பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப், பளபளக்காத மேல்பரப்பு. ராணுவத்தாரும் அதைத்தான் கேட்டார்கள், மரம் ஏறுகிறவனுக்கும் அதேதான் தேவை. பயப்பட ஒன்றுமில்லை தம்பி.

ரீவ் செய்த காரியம் என்னவென்றால், உள்ளே இருந்த மெல்லிய தகட்டைத் தூக்கிவிட்டார். கைப்பிடியையே நாக்காக வெட்டினார்.

உங்கள் மேனேஜர் கத்தியை மறுபடி பார்க்கக் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். பிளேடு சுழலுகிற ஸ்க்ரூவுக்குப் பின்னால் தகட்டில் குறுக்காக ஒரு வெட்டு. அங்கிருந்து பின்பக்கம் நோக்கி நீளமாக ஒரு வெட்டு. நடுவில் தனியாக நிற்பதுதான் நாக்கு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அதன் வேர்ப் பகுதியில் மட்டும் கொஞ்சம் குடைந்து மெல்லியதாக்கியிருக்கும், அங்கேதான் அது வளையும். பிளேடு முழுக்கத் திறந்ததும் நாக்கு உள்ளே வந்து பிளேடின் வாலுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். இனி பிளேடு மடங்க வேண்டுமென்றால் அந்த மூன்று மில்லி தகட்டை நீளவாக்கில் நசுக்க வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. நாம் கத்தியை இறுக்கிப் பிடிக்கிறோம் அல்லவா, அப்போது நம் விரல்கள் அந்த நாக்கின் மேல்தான் இருக்கின்றன. அழுத்தி வேலை செய்ய செய்ய நாக்கை நாமே உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறோம். கை பிடிக்கிற பிடிதான் பூட்டு. தோப்பில் என் விரலை வெட்டிய கத்தியில் என் கைபலமே எனக்கு எதிரியாகிவிட்டது. இதில் அதே பலம் எனக்குக் காவல்.

சரி, அப்படியானால் எல்லா ஃப்ரேம் லாக்கும் நல்லதா? இல்லை. இதைக் காசு கொடுத்துக் கற்றேன். ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே தோற்றத்தில் ஒரு காப்பி வாங்கினேன். பேர் வேண்டாம். பார்க்க அச்சு அசல். ஆறு மாதத்தில் நாக்கு தேய்ந்து தேய்ந்து எதிர்ப்பக்கத் தகட்டில் போய் முட்டிவிட்டது. பிளேடை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம். முதுகில் மெல்லத் தட்டினால் லாக் நழுவியது. பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து அளந்தேன். நாக்கின் முகமும் பிளேடின் வாலும் தொடுகிற இடத்தில் ஒரு சாய்வு வேண்டும், சாதாரணமாக ஏழு, எட்டு டிகிரி. அந்தக் கத்தியில் நாக்கு முகத்தில் ஒரு கோணம், பிளேடில் வேறு கோணம். முகம் முழுக்கப் படியாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

லேத்து ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் பின்முனை), கூம்பு வால் உள்ள மோர்ஸ் டேப்பர் டிரில்லைச் சொருகினால் எப்படிக் கவ்விக்கொள்கிறது? ஸ்க்ரூ கிடையாது, நட்டு கிடையாது, சாய்வு மட்டும்தான். சாய்வு அதிகமானால் கவ்வாது, வழுக்கும். ரொம்பக் குறைந்தால் ஒட்டிக்கொண்டு வராது, ஆப்பு வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஃப்ரேம் லாக்கில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். விரல் தள்ளினால் விட வேண்டும், பிளேடு தள்ளினால் விடக் கூடாது. அந்தக் கோணத்தை ஒவ்வொரு கத்தியிலும் ஒரே மாதிரி கொண்டுவருவதற்குத்தான் தம்பி காசு. டைட்டானியத்துக்கு ஸ்டீல் மேல் ஒட்டிக்கொள்ளும் குணம் வேறு உண்டு. அதனால் 2012-இல் வந்த செபென்ஸா 25-இல் நாக்கின் முனையில் ஒரு செராமிக் குண்டை வைத்தார்கள். கத்தி மூடியிருக்கும்போது அதே குண்டு பிளேடில் உள்ள சின்னக் குழியில் உட்கார்ந்து, பாக்கெட்டுக்குள் தானாகத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரே குண்டு, இரண்டு வேலை.

டைட்டானியம் ஏன் என்று கேட்பீர்கள். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த ரகம். எடை ஸ்டீலில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். விறைப்பும் ஏறக்குறைய பாதிதான், அதனால் நன்றாக வளைந்து அப்படியே திரும்பி வரும், நாக்குக்கு அதுதானே வேண்டும். டர்பன் கடற்காற்றில் பால்கனிக் கம்பி ஒரு வருஷத்தில் செம்மண் நிறமாகிவிடும், இது அசையாது. ஆனால் கடைவது கொடுமை. சூடு கடைகிற உருப்படிக்குள் இறங்காமல் டூல் முனையிலேயே நிற்கும், இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) எரிந்துபோகும். வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டைக் கொட்டி, பொறுமையாக ஓட்ட வேண்டும். மெல்லிய சீவல் தீப்பிடிக்கவே செய்யும். நாங்கள் ஒரு முறை ஒரு சின்ன ஆர்டர் எடுத்துவிட்டு அந்த வாரம் முழுக்க இன்சர்ட் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

பெயரைப் பற்றி ஒன்று. எங்கள் டூல் ரூமில் என்னோடு வேலை செய்பவர் ஜூலுக்காரர், என்னைவிட மூத்தவர். முதல்நாள் இந்தக் கத்தியைக் காட்டிப் பெயர் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. செபென்ஸா என்றால் ஜூலுவில் "வேலை செய்". "உசெபென்ஸா குபி" என்று கேட்டால் "எங்கே வேலை செய்கிறாய்". ரீவ் 1989-இல் அமெரிக்கா போய் ஐடஹோவில் பாய்ஸி என்ற ஊரில் பட்டறை போட்டுவிட்டார், ஆனால் தன் கத்திகளுக்குப் பெயர்களை இங்கிருந்தே எடுத்துப்போனார். இன்கோசி என்றால் தலைவர். ம்னாந்தி என்றால் ருசி, இனிமை. உம்னும்ஸான் என்றால் வீட்டுக்குப் பெரியவர். அந்த அண்ணனை ஒரு தடவை எங்கள் கோயிலுக்கு அழைத்துப்போனேன், அன்னதானத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு "ம்னாந்தி" என்றார். எனக்கு உடனே கத்திதான் ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டவும் டை செய்யவும் வந்த ஜனங்கள் வாழும் ஊரில், ஒரு கத்திக்கு "வேலை" என்று பெயர் வைத்திருப்பது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது.

சென்சூரியன் புதுசு எழுதியது:

லேத்துக்காரன் அண்ணா, ரொம்ப நன்றி. இதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். மோர்ஸ் டேப்பர் படத்தைத் தேடிப் பார்த்தோம். அவள் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். அவள் இடது கைக்காரி, அவளுக்கு இது வசதியா? இரண்டாவது, பாக்கெட்டில் கத்தியோடு ரோட்டில் போனால் போலீஸ் பிடிக்காதா?

பெர்க் நடையன் எழுதியது:

நான் ட்ராகன்ஸ்பெர்க் மலைகளில் நடப்பவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். லேத்துக்காரன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஃப்ரேம் லாக் பெரும்பாலும் வலது கைக்காரருக்குச் செய்தது. நாக்கு ஒரு பக்கத் தகட்டில் மட்டும் இருக்கும், வலது கட்டைவிரலால் தள்ளுவதற்கு. இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போய்விடும், ஆள்காட்டி விரலால் இழுக்க வேண்டியிருக்கும். இடது கைக்கென்று தனியாகச் செய்வதும் உண்டு. அதைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு லாக் பாருங்கள். 1998-இல் பெஞ்ச்மேட் கம்பெனி கொண்டுவந்த ஆக்ஸிஸ் லாக்கில் ஒரு கம்பி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கையானாலும் ஒன்றுதான்.

ஜூலை மாதம் மேலே பனி விழும்போது உலோகப் பிடி கையைச் சுடுகிற மாதிரி குளிரும். கையுறை போட்டால் கட்டைவிரலால் தள்ளித் திறக்கிற சின்னக் குமிழ் (தம்ப் ஸ்டட்) கைக்கே தட்டுப்படாது. நான் ஸ்பைடெர்கோ கம்பெனிக் கத்தி வைத்திருக்கிறேன், பிளேடிலேயே பெரிய வட்ட ஓட்டை. 1981-இல் அவர்கள் அந்த ஓட்டையையும் பாக்கெட் கிளிப்பையும் கொண்டுவந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கயிறு அறுக்க, சீஸ் நறுக்க, கூடாரத்து முளை சீவ அது போதும். தொலைந்துபோனாலும் அன்று இரவு தூக்கம் வரும்.

ஃபீனிக்ஸ் அக்கா எழுதியது:

சட்டக் கேள்விக்கு நான் சொல்கிறேன், வக்கீல் ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்க்கிறேன். இங்கே இருப்பது 2013-ஆம் வருஷத்து அபாயகரமான ஆயுதங்கள் சட்டம். அதில் பிளேடு இத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கே கிடையாது. எந்தச் சூழ்நிலையில் வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. தப்பான காரியத்துக்கு வைத்திருக்கிறான் என்று நியாயமாகச் சந்தேகம் வருகிற மாதிரி இருந்தால் குற்றம். எந்த இடம், எந்த நேரம், உன் நடத்தை எப்படி, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பில்டாங் நறுக்குகிற மேனேஜர் பிரச்சினையில்லை. அதே கத்தியோடு இரவு பதினொரு மணிக்கு பார் வாசலில் தகராறு நடக்கிற இடத்தில் நின்றால் பிரச்சினை. ஸ்டேடியம், கோர்ட், ஊர்வலம், இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம். விமானத்தில் போனால் செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள் தம்பி, கைப்பையில் மறந்து வைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேத்துக்காரன் எழுதியது:

அக்கா சொன்னது மிகச் சரி. பெர்க் நடையன் சொன்ன இடது கை விஷயமும் சரி, குளிரும் சரி. நான் மலை ஏறுகிறவனில்லை, பட்டறையில் எப்போதும் வெக்கைதான்.

ஆனால் முக்கியமான ஒன்றை முதல் பதிவில் விட்டுவிட்டேன். தம்பி, "எண்ணெயில் வழுக்குகிற மாதிரி, ஆனால் லொடலொடப்பு இல்லாமல்" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? நீங்கள் கையால் உணர்ந்தது லாக் அல்ல, பிவட், அதாவது பிளேடு சுழலும் அச்சு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

சாதாரண மடக்குக் கத்தியில் பிளேடு ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிச் சுழல்கிறது. ஸ்க்ரூவை இறுக்கினால் ஆட்டம் போகும், ஆனால் பிளேடு நகராது. தளர்த்தினால் நகரும், ஆட்டம் வரும். நடுவில் ஒரு இடத்தைத் தேடிப்பிடித்து, பசை போட்டு நிறுத்த வேண்டும். ஒரு மாதத்தில் அது மறுபடி தளரும். செபென்ஸாவில் ஸ்க்ரூவுக்கு வெளியே ஒரு புஷ், அதாவது சின்ன உலோகக் குழல், இருக்கிறது. அந்தப் புஷ்ஷின் நீளம், பிளேடின் தடிமனையும் இரண்டு பக்க வாஷரையும் கூட்டினால் வருவதைவிட மயிரிழை அதிகம். அவ்வளவுதான். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு தகடும் புஷ்ஷில் போய் முட்டி நின்றுவிடும், பிளேடை நெருக்காது. இறுக்கம் உங்கள் கையில் இல்லை, செய்தவன் அளவிலேயே முடிவாகிவிட்டது.

சொல்வதற்குச் சுலபம். புஷ், பிளேடு, வாஷர் இரண்டு என்று நாலு உருப்படி. நாலும் மைக்ரான் கணக்கில் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். புஷ் நீளம் கூடினால் ஆட்டம், குறைந்தால் பிடிப்பு. பதினேழு வயதில் என் மேஸ்திரி ஒரு வாரம் முழுக்க ஒரே புஷ்ஷை என்னைக் கடைய வைத்தார். ஷாஃப்டில் போட்டு விட்டால் தன் எடையில் தானே மெல்ல இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. பதினோராவது புஷ் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். செபென்ஸாவின் நாக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியைச் சாய்க்கும்போது பிளேடு மெதுவாகத் தானே இறங்கிவரும், அப்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினோராவது புஷ்தான் கண்ணில் தெரியும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் அதைப் பிரிப்பேன். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கத்தியோடு வந்த ஆலன் கீயை எடுத்தால் மொத்தமும் கழன்றுவிடும். தகடு இரண்டு, பிளேடு, வாஷர் இரண்டு, புஷ், சில ஸ்க்ரூ. வாஷர் பாஸ்பர் வெண்கலம், தேய்ந்த இடம் மட்டும் தங்க நிறத்தில் மின்னும், மற்ற இடம் பழுப்பு. அதில் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள், கிரீஸ் தங்குவதற்கு. துடைத்து, கிரீஸ் வைத்து, பூட்டி, ஸ்க்ரூவைக் கடைசி வரை இறுக்குவேன். பிளேடு முன்போலவே இறங்கும். என் மகளுக்கு ஒன்பது வயது, அவள்தான் வாஷரை எடுத்துக் கொடுப்பாள். பிளேடில் கை வைக்க மாட்டாள், அது அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் விதி.

பிளேடைப் பற்றி இரண்டு வரி. எஸ்30வி என்ற ஸ்டீலை க்ரூசிபிள் கம்பெனி 2001-இல் கத்திக்கென்றே உருவாக்கியது. அதில் ரீவின் ஆலோசனையும் உண்டு. உருக்கிய உலோகத்தைத் தூளாகத் தெளித்து, அந்தத் தூளை அழுத்திக் கட்டியாக்குவார்கள். அதனால் உள்ளே கார்பைடு என்ற கெட்டித் துகள்கள் ஒரே சீராகப் பரவி நிற்கும். ரீவ் அதை 58, 59 ராக்வெல் (கடினத்தன்மை அளவு) என்று கொஞ்சம் இளக்கமாகவே வைத்திருந்தார், இன்னும் கெட்டியாக்கலாமே என்று ரசிகர்கள் பல வருஷம் குறை சொன்னார்கள். எனக்கு அவர் செய்தது பிடித்திருந்தது. முனை நொறுங்காது, கல்லில் சீக்கிரம் கூர் வரும். டை செய்கிறவனுக்கு நொறுங்கிய முனையை விட மழுங்கிய முனை மேல்.

தம்பி, இப்போதே வாங்கவேண்டாம். முதலில் சில நூறு ராண்டில் ஏதாவது லாக் உள்ள கத்தி ஒன்றை வாங்கி மூன்று மாதம் பாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை அதைத் தேடுகிறது என்று தெரியும். தேடினால் அப்புறம் பழசாக ஒரு செபென்ஸா பாருங்கள். கையிலிருப்பவர் பிரித்துக் காட்டச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

டோங்காட் மாமா எழுதியது:

அந்த மேஸ்திரி புஷ்ஷைப் பாக்கெட்டில் போட்டாரே, அதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பாவின் ஒக்காபி இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் பல் தேயவில்லை. அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள் தம்பி, ஆணியை மாற்றிக் கொடுக்க முடியுமா?

லேத்துக்காரன் எழுதியது:

கண்டிப்பாக மாமா. பித்தளை ஆணி நானே கடைந்து எடுத்து வருகிறேன். மரத்தை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், அப்பா கை பட்ட மெருகு போய்விடும். பிறையையும் தேய்க்கவேண்டாம்.

சென்சூரியன் புதுசு எழுதியது:

திங்கட்கிழமை மேனேஜரிடம் நீங்கள் சொன்ன புஷ் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் பேசினார். 1990-களில் வாங்கியதாம், கிளிப் பக்கத்தில் தகடு முழுக்கச் சாவிக் கீறல். வார இறுதிக்குக் கத்தியையும் ஆலன் கீயையும் என்னிடமே கொடுத்து அனுப்பிவிட்டார், பிரித்துப் பார்த்துவிட்டு வா என்று.

இப்போது மேஜையில் துணி விரித்துப் பிரித்து வைத்திருக்கிறேன். மனைவி எதிரில் உட்கார்ந்து எந்த உருப்படி எங்கிருந்து வந்தது என்று படம் வரைகிறாள். வாஷரில் பழைய கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. எதால் துடைப்பது அண்ணா? புது கிரீஸ் எவ்வளவு?

லேத்துக்காரன் எழுதியது:

பழைய வேட்டித் துணி இருந்தால் போதும், பிசிறு விடாது. டிஷ்யூ வேண்டாம். கறுப்பு போகவில்லையென்றால் மருந்துக்கடை ஸ்பிரிட் ஒரு சொட்டு. வாஷரை வளைக்காமல் தட்டையாக வைத்துத் துடையுங்கள். கிரீஸ் கடுகளவு, இரண்டு பக்கமும் சேர்த்து. பூட்டியபின் ஓரத்தில் பிதுங்கி வந்தால் அதிகம் என்று அர்த்தம். ஸ்க்ரூவைக் கடைசி வரை இறுக்குங்கள், பயப்படாதீர்கள், புஷ்ஷில் முட்டி நிற்கும்.